திருப்பிப் போட்ட இலை

அவர் இடது கையைத் தூக்கினால் பந்தி நின்றுவிடும். வலது கை சோற்றில் இருக்கும். ரசம் விரல் வழியாக வழிந்து முழங்கைக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. இடது கை மட்டும் நாற்சந்தியில் நிற்கும் போலீஸ்காரர் கை மாதிரி தோளுக்கு மேலே எழும்பி நிற்கும். யாரோ ஒருவர் வாயிலிருந்து ஓர் இங்கிலீஷ் வார்த்தை தப்பாக விழுந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

"நிறுத்து. நீ சொல்ல வந்தது ஒண்ணு, சொன்னது ஒண்ணு. ரெண்டும் ஒண்ணா?"

என் மெஸ்ஸில் அவர் சாப்பிட்ட வருஷங்களில் இந்தக் கேள்வி என் காதில் விழாத மத்தியானம் கிடையாது. அவர் பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால் ஒரு மரியாதை கொடுத்தது போல் ஆகிவிடும். அதற்கு எனக்கு மனசில்லை.

காரைக்காலில், மாதா கோயில் வீதிக்குப் பின்னால் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் காலமான பிறகு முன்கூடத்தில் மெஸ் ஆரம்பித்தேன். போர்டு எதுவும் வைக்கவில்லை. கருக்களாச்சேரியிலிருந்து வரும் மீன்காரிகளே எனக்குப் போர்டு. "அந்தம்மா நல்ல மீனாப் பாத்துத்தான் எடுக்கும்" என்று அவர்கள் நாலு வீட்டில் சொன்னார்கள், அது போதுமாக இருந்தது. பாண்டிச்சேரியிலிருந்து மாற்றலாகி வந்த குமாஸ்தாக்கள், பாங்க்கில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஒரு சொல்தா தாத்தா, எல்லாரும் தடுக்கில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வோம்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி பஸ் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். ஆனால் என் கூடத்தில் நான் வைத்ததுதான் சட்டம். பரிமாறுவதை மற்றவர்கள் செய்யலாம், இலை மட்டும் நான்தான் போடுவேன். சாப்பிடுகிறவருக்கு இடது பக்கம் நுனி வரவேண்டும். துக்க வீட்டில், செத்தவருக்குப் படைக்கிற இலையை மட்டும் எங்கள் பக்கத்தில் திருப்பி, நுனி வலது பக்கம் வரும்படி போடுவோம். உயிரோடு உட்கார்ந்திருக்கும் மனிதர் முன்னால் அப்படி ஓர் இலை விழுந்தால் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. கைதவறிக்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

அவர் ஒரு அரசாங்க ஆபீசில் ஹெட் கிளார்க். சொந்த ஊர் பாண்டிச்சேரிப் பக்கம். குடும்பம் அங்கே, இவர் இங்கே. சட்டைக் கையை மடிக்கும்போது மடிப்பு மேல் மடிப்பு சரியாக விழுந்திருக்கும். கறிவேப்பிலையை எடுத்து இலை ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைப்பார். சாம்பாரில் பருப்பு கொஞ்சம் முன்னால் வெந்தது, பின்னால் வெந்தது என்பதுகூட அவர் நாக்குக்குத் தெரியும். வாய்விட்டுப் பாராட்டவும் செய்வார். "ஏம்மா, இன்னிக்குக் கிழங்கான் மீன் குழம்பு என்னமோ பண்ணுது" என்பார். சாப்பாட்டை வீணாக்கமாட்டார். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை.

அவருக்கு ஒரே நோய், அந்த இரண்டு வார்த்தை நோய். காதுக்கு ஒன்று போலக் கேட்கும், ஆனால் அர்த்தம் வேறு வேறாக இருக்கும். அந்த மாதிரி ஜோடி ஜோடியாக இங்கிலீஷில் எத்தனையோ இருக்கிறதாம். அத்தனையும் அவர் வாயில் தயாராக இருக்கும். புதிதாக ஓர் ஆள் மெஸ்ஸில் சேர்ந்தால், அவர் சோற்றில் கை வைக்கும் முன்பே இவர் ஒரு ஜோடியை எடுத்துப் போடுவார். வந்தவர் பதில் தெரியாமல் முழித்தால் இவருக்கு அன்றைக்கு இன்னும் ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும்.

சொல்தா தாத்தாவிடமும் ஒரு தடவை போட்டுப் பார்த்தார். தாத்தா இரண்டு வார்த்தையையும் பொறுமையாகக் காதில் வாங்கிக்கொண்டார். மீசையைத் துடைத்தார். பிறகு பிரெஞ்சில் நீளமாக ஒரு கேள்வி கேட்டார்.

கூடம் முழுக்க இவர் முகத்தைப் பார்த்தது.

"ஏம்மா, சாம்பார் இருக்கா?" என்றார் இவர்.

அதற்குப் பிறகு தாத்தா பக்கம் அவர் போகவில்லை.

புயல் அடித்த வருஷத்தையும் சொல்லவேண்டும். பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. கடல் ஊருக்குள் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். சாப்பிட வந்தவர்கள் அப்படியே கூடத்தில் மாட்டிக்கொண்டார்கள். வாசல் கதவு காற்றில் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. இவர்தான் முதுகைக் கொடுத்து அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் பாங்க்குத் தம்பி பின்கட்டிலிருந்து ஓடி வந்து, "அக்கா, பின்னால ரஃப் பறந்துடுச்சுக்கா!" என்று கத்தினான்.

இடது கை எழும்பியது. கதவு திறந்துகொண்டது. மழை கூடத்துக்குள் வந்து விழுந்தது.

"ரஃப்னா சொரசொரப்பு. ரூஃப்னா கூரை. ரெண்டும் ஒண்ணா?"

சொல்தா தாத்தா தலையில் போட்டிருந்த துண்டை விலக்கிப் பார்த்தார். "ரெண்டும் போயிடுச்சுய்யா. நீ மொதல்ல கதவப் புடி" என்றார்.

எல்லாரும் நனைந்தோம், எல்லாரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். மறுநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் நின்று ஓடு எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். நல்லது செய்ததையும் சொல்லிவிடவேண்டும். சொல்லிவிட்டேன்.

இனி என் மகள் விஷயம்.

மூத்தவள் வசந்தா. அவளுக்குப் பின்னால் ஒரு பையன். வசந்தா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியிருந்தாள். எங்கள் வம்சத்தில் முதல் ஆள். அவளுக்குக் குரல் கணீரென்று இருக்கும். கூடத்தில் அவள் "மோர் வேணுங்களா?" என்று கேட்டால் தெருவில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். அந்தக் குரலை வைத்துக்கொண்டு டெலிபோன் ஆப்பரேட்டர் ஆகவேண்டும் என்று அவளுக்கு ஆசை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத ஆட்களுக்கு ஊர் ஊராக இணைப்புக் கொடுக்கிற வேலை. அடுப்படியில் டம்ளரைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, காரைக்கால் ஸ்பீக்கிங்" என்று பூனையிடம் பேசுவாள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் கேட்கக் கேட்க நெஞ்சு நிமிரும். அடுப்புப் புகையில் நான் வெந்ததெல்லாம் அவள் அந்த நாற்காலியில் உட்காரத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

தஞ்சாவூருக்கு இன்டர்வியூவுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தாயிற்று. அந்த வாரம் மெஸ்ஸில் அதுதான் பேச்சு. மோர் வாளியை எடுத்துக்கொண்டு வந்தவளைப் பாங்க்குத் தம்பி நிறுத்தினான்.

"வசந்தா, எந்த ஊர்ல போட்டாலும் போவியான்னு கேப்பாங்க. என்ன சொல்லுவே?"

அவள் பாடமே பண்ணி வைத்திருந்தாள். எந்த ஊரில் வேலை போட்டாலும் ஏற்றுக்கொள்வேன் என்று இங்கிலீஷில் சொல்லவேண்டும். சந்தோஷத்தில் வேகமாகச் சொன்னாள். நடுவில் ஒரு வார்த்தை புரண்டுவிட்டது.

கை எழும்பியது.

"நிறுத்து. இப்ப என்ன சொன்னே? எக்செப்டா? எந்த ஊரும் வேண்டாம்னு சொல்லிட்டு வரவா தஞ்சாவூர் போறே?"

அவள் வாளியைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"அக்செப்ட்னா ஏத்துக்கறது. எக்செப்ட்னா தவிர்த்துடறது. ரெண்டும் ஒண்ணா? சொல்லு."

சொன்னாள். பயத்தில் மறுபடியும் அதே வார்த்தை வந்தது.

வரிசையில் யாரோ சிரித்தார். ஒருவர் சிரித்தால் அடுத்தவருக்கும் வந்துவிடும். மோருக்காகச் சோற்றைக் குழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் அவர், "மோர் காத்திருக்கட்டும். பொண்ணு ஒரு வார்த்தை கத்துக்கட்டும்" என்றார். வாளியைக் கீழே வைக்கவும் விடவில்லை. கனத்த வாளி. அது சாய்ந்து மோர் தரையில் சிந்தியது. சரியாகச் சொன்னாளா, தப்பாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. அவள் குரல் சின்னதாகிக்கொண்டே போனது மட்டும் நன்றாகக் கேட்டது. கடைசியில் உதடு மட்டும் அசைந்தது.

நான் அடுப்படியிலிருந்து வந்து வாளியை வாங்கிக்கொண்டு அவளை உள்ளே அனுப்பினேன்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். மறுநாள் அவள் ரசம் கொண்டு வந்தபோது, "எக்செப்டு, இங்க ஒரு கரண்டி!" என்றார். அதற்கு மறுநாள் வரிசையே அப்படிக் கூப்பிட்டது. வேண்டுமென்று இல்லை, வேடிக்கைக்கு. மூன்றாம் நாள் தெருப் பிள்ளைகளுக்கும் எட்டிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் அவளுக்குப் பேரே அதுவாகிவிட்டது.

அவர் கை கழுவுகிற இடத்தில் போய் நின்றேன்.

"சார், ஒரு வார்த்தை."

"சொல்லும்மா."

"வயசுப் பொண்ணுங்க. நாலு பேர் முன்னால கேலி பண்ணாதீங்க. இன்டர்வியூவுக்குப் போற நேரம். உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

நான் யாரையும் கும்பிட்டுப் பழக்கமில்லாதவள். அன்று கும்பிட்டேன். அவர் சொம்பைக் கீழே வைத்தார். கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு சிரித்தார்.

"நான் திருத்தறேன்மா. கேலியும் திருத்தமும் ரெண்டும் ஒண்ணா?"

இடது கையைத் தூக்கிக்கொண்டுதான் சொன்னார்.

வசந்தாவும் என் தம்பியும் தஞ்சாவூர் போனார்கள். பொழுது சாய்ந்து திரும்பி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். அதே கேள்வியைத்தான் கேட்டார்களாம். எந்த ஊரில் போட்டாலும் போவாயா என்று.

"சொன்னியாடி?"

"வாயத் தொறந்தேம்மா. ரெண்டும் சேர்ந்து வந்து தொண்டையில நின்னுக்கிச்சு. எது எதுன்னு தெரியல. அவங்க சிரிக்கப் போறாங்கன்னு தோணிச்சு."

"சிரிச்சாங்களா?"

"இல்லம்மா. தண்ணி குடிம்மான்னாங்க. நல்லவங்கதான். எனக்குத்தான் வரல."

வேலை வேறொருத்திக்குப் போயிற்று. அதற்குப் பிறகு வசந்தா கூடத்துக்கு வரவில்லை. டம்ளரைத் தண்ணீர் குடிக்க மட்டும் எடுத்தாள். வாசல்படி தாண்டவில்லை. குழாயடிக்கு நானே போனேன்.

விஷயம் தெரிந்ததும் அவர் என்ன சொன்னார் தெரியுமா? அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "நான் அப்பவே திருத்தினேனே" என்றார்.

எனக்கு அப்போது கையில் கொதிக்கிற ரசம் இருந்தது. ஊற்றவேண்டிய இடத்தில்தான் ஊற்றினேன். கோபத்தில் செய்கிற காரியம் ஆறிப்போகும். எனக்கு ஆறாத காரியம் வேண்டியிருந்தது.

அவருக்கு வழக்கம்போல இலை போட்டேன். கிழங்கான் குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்துப் போட்டேன். "ஏம்மா, இப்பல்லாம் கவனிப்பு பலமா இருக்கே" என்றார். "இருக்கணும்ல சார்" என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய ஆபீசர் ஒருநாள் சாப்பிட வந்தார். பாண்டிச்சேரியிலிருந்து வந்த பெரிய அதிகாரி. இவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு "சார் பொரியல், சார் கூட்டு" என்று விழுந்து விழுந்து கவனித்தார். பாயசம் குடித்துவிட்டு ஆபீசர் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். இவருடைய இடது கை துள்ளியது. எனக்கு அந்தக் கை நன்றாகத் தெரியும். மடியிலிருந்து கிளம்பி நெஞ்சு வரைக்கும் வந்தது. அங்கே நின்றது. பிறகு மூக்கைச் சொறிந்துவிட்டு இறங்கிப் போயிற்று.

"எக்ஸலெண்ட் சார்" என்றார்.

அவர்கள் போன பிறகு பாங்க்குத் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அக்கா, சாப்பாட்டுக்கு அப்பறம் சாப்புடற இனிப்புக்கு ஒரு வார்த்தை, பாலைவனத்துக்கு ஒரு வார்த்தை. ஆபீசர் உங்க பாலைவனம் பிரமாதம்னு சொல்லிட்டுப் போறாருக்கா."

நான் சிரிக்கவில்லை. வார்த்தைக்கு வார்த்தை பேதம் தெரிந்த அந்த மனிதருக்கு ஆளுக்கு ஆள் பேதமும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. யார் முன்னால் கை எழும்பவேண்டும், யார் முன்னால் மூக்கைச் சொறியவேண்டும் என்று கணக்காகத் தெரிந்திருக்கிறது. என் மகளிடம் தெரியாமல் நடந்துகொண்டார் என்று ஒரு மூலையில் எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. அது அன்றோடு போயிற்று.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா. ஊரே தெருவில் இருக்கும். சாமி வரும்போது வேண்டிக்கொண்டவர்கள் மாடியிலிருந்து கூடை கூடையாக மாம்பழத்தை வீசுவார்கள். கீழே இருப்பவர்கள் முந்தானையை விரித்துப் பிடிப்பார்கள். அன்று மெஸ்ஸில் மீன் கிடையாது. வடை பாயசத்தோடு ஒவ்வொரு இலையிலும் ஒரு மாம்பழத் துண்டு வைப்பேன். கூட்டம் அலைமோதும்.

அன்றைக்கு அவர் ஆபீசரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நானே வரச் சொல்லியிருந்தேன். "திருவிழா சாப்பாடு, உங்க ஆபீசரையும் அவசியம் அழைச்சிட்டு வாங்க சார்" என்று. அவருக்கு ஒரே பெருமை. வாசலிலேயே, "நம்ம மெஸ் சார், நான் சொன்னா அந்தம்மா தட்டாது" என்று சொல்லிக்கொண்டே நுழைந்தார். ஆபீசரை நடுவில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

நான் வரிசையாக இலை போட்டுக்கொண்டு வந்தேன். பின்னாலேயே என் பையன் வடையும் மாம்பழமும் வைத்துக்கொண்டு வந்தான். சொல்தா தாத்தாவுக்கு நுனி இடது பக்கம். பாங்க்குத் தம்பிக்கு இடது பக்கம். ஆபீசருக்கு இடது பக்கம். அவருக்கு முன்னால் வந்து நின்றேன். இலையைக் கையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி, நுனி வலது பக்கம் வரும்படி போட்டேன். போட்டுவிட்டு நிதானமாகத் தண்ணீரும் தெளித்தேன்.

அவர் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடியும் இலையைப் பார்த்தார்.

பேச்சு ஒவ்வொரு வாயாக அடங்கிக்கொண்டே வந்தது. தெருவில் நாயனம் மட்டும் கேட்டது. ஆபீசர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்னய்யா இது? ஒன் எலை மட்டும் திரும்பிக் கெடக்கு?"

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. சிரிக்கப் பார்த்தார். "அது ஒண்ணுமில்ல சார். கூட்டம் பாருங்க. தெரியாம போட்டுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இலையைத் திருப்பக் கை நீட்டினார்.

நான் இலையின் நுனியில் கை வைத்தேன்.

"தெரிஞ்சுதாங்க போட்டேன்" என்றேன். "தெரியாம போடறதும் தெரிஞ்சு போடறதும் ரெண்டும் ஒண்ணா சார்?"

இடது கை தன்னால் எழும்பியது. பழக்கம் விடுமா? தோளுக்கு மேலே போய் நின்றது. ஆனால் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. வெறும் கை அப்படியே நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கையைப் போட்டோ பிடித்து மாட்டி வைக்கலாம் போல இருந்தது எனக்கு.

"என்னம்மா விஷயம்?" என்றார் ஆபீசர்.

"என் பொண்ணு வாய அடைச்சவருங்க இவரு. அவ இவரு எதுத்தாப்புல வந்து நின்னு பழைய மாதிரி பேசுற அன்னிக்கு இவருக்கு எல நேரா விழும். அது வரைக்கும் இந்த வீட்ல இவருக்கு எல இப்படித்தான். ஒங்களுக்கு ஒரு கொறையும் வராது, நீங்க சாப்புடுங்க சார்."

ஆபீசர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு தன் இலையில் வைத்த வடையைப் பிட்டார். அதுதான் தீர்ப்பு. சொல்தா தாத்தா, "பருப்பு வரட்டும்மா" என்றார். பந்தி நடந்தது. அவர் எழுந்து, செருப்பைத் தேடி, கூட்டத்துக்குள் போனார். இலை அப்படியே கிடந்தது. யாரும் மடிக்கவில்லை. பந்தி முடியும் வரை நான் அதை எடுக்கவும் இல்லை.

அடுப்படிக் கதவிடுக்கில் வசந்தா நின்றதைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. சாமி எங்கள் தெருமுனைக்கு வந்தபோது, "அம்மா, மாம்பழம் புடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். தஞ்சாவூரிலிருந்து வந்த பிறகு அவள் வாசல்படி தாண்டியது அன்றுதான்.

மறுநாளும் அவர் வந்தார். வாசலில் நின்றபடியே தன் இடத்தைப் பார்த்தார். இலை போட்டு வைத்திருந்தேன், நுனி வலது பக்கம். போய்விட்டார். அதற்கு மறுநாளும் வந்து பார்த்தார். நானும் போட்டு வைத்திருந்தேன். பிறகு வருவது நின்றது. ஆனால் கதை நிற்கவில்லை. எங்கள் ஊர் சின்ன ஊர். ஆபீசில் அவர் கையைத் தூக்கினால் பியூன்கூட, "எல எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டானாம். டீக்கடையில் கேட்டார்களாம். பட்டினச்சேரியில் வலை பின்னுகிறவர்கள் வரைக்கும் போயிற்றாம். அவர் கை இறங்கிவிட்டது என்று பாங்க்குத் தம்பி வந்து சொன்னான். அன்றைக்கு நான் ஓர் ஆழாக்கு அரிசி கூடப் போட்டுப் பாயசம் வைத்தேன்.

அப்புறம் அவரே எழுதிக் கேட்டு ஏனாமுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். பாண்டிச்சேரிச் சர்க்காரில் காரைக்கால் இல்லையென்றால் மாஹே, மாஹே இல்லையென்றால் ஏனாம். அங்கே எல்லாம் தெலுங்கு. பாஷை தெரியாத ஊரில், ஏதோ ஒரு கடையில் இவர் ஒன்று கேட்க, கடைக்காரன் வேறொன்றை எடுத்துக் கொடுத்துச் சிரிப்பதை நான் கற்பனை பண்ணிப் பார்ப்பேன். மாவாட்டும்போது நினைத்தால் மாவு நன்றாக அரையும்.

வசந்தாவைத் திருமலைராயன்பட்டினத்தில் அரிசிக் கடைக்காரருக்குக் கட்டிக் கொடுத்தேன். நல்ல மனிதர். இரண்டு பிள்ளைகள். கடையில் டெலிபோன் இருக்கிறது. மணி அடித்தால் வசந்தா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். பக்கத்தில் வந்து நின்று அதைப் பார்ப்பாள். பிறகு, "டேய், வந்து எடுடா" என்று பிள்ளையைக் கூப்பிடுவாள். நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்களோடு பேசுவாள், சண்டை போடுவாள், கடைக்கு வருகிறவர்களை விரட்டுவாள். டெலிபோனை மட்டும் எடுக்கமாட்டாள்.

எண்பதுகளின் கடைசியில், மறுபடியும் ஒரு மாங்கனித் திருவிழா அன்று, அவர் வந்தார். ரிட்டையர் ஆகியிருப்பார் போல. கையில் கம்பு, கண்ணாடி தடிமனாக இருந்தது. மெஸ்ஸில் புது ஆட்கள். சொல்தா தாத்தா இல்லை, பாங்க்குத் தம்பி எந்த ஊருக்கோ போய்விட்டான். இவர் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. எனக்கு முட்டி வலி வந்து, இலை போடுவதை மருமகளிடம் விட்டிருந்தேன். அடுப்படியிலிருந்து பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சட்டைக் கையை மடிப்பு மேல் மடிப்பாக மடித்துக்கொண்டிருந்தார்.

கூடத்துக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

"நல்லாயிருக்கீங்களாம்மா?"

"இருக்கேன்."

"பொண்ணு?"

"இருக்கா. பட்டினத்துல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேசுதா?"

"எங்ககிட்ட பேசுவா. போன் அடிச்சா எடுக்கமாட்டா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். இடது கை மடியிலேயே கிடந்தது. நான் அடுப்படி வாசலுக்குத் திரும்பி வந்தேன். மருமகள் வந்து அவர் முன்னால் இலை போட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நுனி இடது பக்கம் இருக்க, ஒழுங்காகப் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்கு நகர்ந்தாள்.

அவர் அந்த இலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் எடுத்தார். கிழிந்துவிடாமல் மெதுவாகச் சுற்றி, நுனி வலது பக்கம் வரும்படி தனக்குத் தானே போட்டுக்கொண்டார். தண்ணீரையும் தானே தெளித்துக்கொண்டார்.

மருமகள் பதறிப்போனாள். "பெரியவரே! என்னங்க பண்றீங்க, நல்ல நாளும் அதுவுமா?"

"எனக்கு இந்த வீட்ல இப்படித்தாம்மா."

அவள் அடுப்படிக்கு ஓடி வந்தாள். "அத்தை, யாரு அது? எலையத் திருப்பிப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. பாக்கவே என்னமோ மாதிரி இருக்கு. நான் போயி நேராப் போட்டுடட்டுமா?"

வெளியே நாயனம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாடிகளில் மாம்பழக் கூடைகளை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. அவர் குனிந்து, வெற்று இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பசியோடுதான் வந்திருக்கிறார். பசித்தவரை எழுப்பி அனுப்புகிற வீடு இல்லை இது.

சோற்றுத் தட்டை எடுத்து மருமகள் கையில் கொடுத்தேன்.

"எல கெடக்கட்டும். நீ சோத்தப் போடு."